ஆமை, ஓணான், பாம்பு வளக்கிறவைக்கு: வயித்துப் பூச்சியை அறிகுறி பாத்துப் பிடிக்கிற வழி

பூச்சி மருந்து எவ்வளவு குடுக்கிறது எண்டுதான் எல்லாரும் முதல் கேக்கினம், என்ன பூச்சி எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை. எங்கட ஊர் ஆடு மாடு கோழி நாய் வளத்துப் பழகின ஊர், இடைக்கிடை பூச்சி மருந்து பருக்கிறது எண்டது தாத்தா காலத்துப் பழக்கம், அதே கையோட ஸ்லைடர் எண்டுற தண்ணி ஆமைக்கும் பியர்டட் ட்ராகன் ஓணானுக்கும் லெப்பர்ட் கெக்கோப் பல்லிக்கும் போல் பைதன் பாம்புக்கும் ஒரு சொட்டு விட்டால் என்ன எண்டு நினைக்கினம். விட்டால் சில வேளை ஒண்டும் நடக்காது, சில வேளை சீவனே போயிடும். இதுகள் குளிர் ரத்தப் பிராணியள், உடம்புச் சூடு வெளியில இருந்துதான் வருது, குடல் வேலை செய்யிறதும் குடுத்த மருந்து உடம்பை விட்டுக் கழியிறதும் அந்தச் சூட்டைப் பொறுத்துத்தான். அதோட ஊர்வனவின்ர குடலுக்குள்ள கொஞ்சம் பூச்சி, கொஞ்சம் ஒருகல உயிர் எண்டு எப்பவும் சீவிச்சுக்கொண்டுதான் இருக்கும், அதுகள் எல்லாத்தையும் துடைச்செறிய வேண்டிய தேவையும் இல்லை.

அதால நான் சொல்லப்போறது எல்லாம் ஒரே விசயத்தில வந்துதான் நிக்கும்: மலத்தை மைக்கிரோஸ்கோப்பில பாக்காமல் மருந்துப் போத்தலைத் திறக்காதேங்கோ.

தொடங்க முதல் இன்னொண்டு. காணிக்குள்ள ஊர்ந்து வந்த நட்சத்திர ஆமையையோ உடும்பையோ மலைப்பாம்புக் குட்டியையோ பிடிச்சு வச்சுக்கொண்டு அதுக்கு வைத்தியம் பாக்க இதை வாசிக்கிறியள் எண்டால், அது இலங்கையின்ர 1937ம் ஆண்டு தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்குள்ள வாற விசயம், வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிச்சுப்போட்டு ஒப்படையுங்கோ. நட்சத்திர ஆமை 2019இல இருந்து சைட்டிஸ் எண்டுற உலக ஒப்பந்தத்திலயும் வியாபாரம் தடுக்கப்பட்ட முதலாவது பட்டியல்ல இருக்கு. சட்டம் ஒரு பக்கம், காட்டில இருந்து வந்தது தன்ர பூச்சியளையும் கொண்டுதான் வரும், பக்கத்துத் தொட்டியில இருக்கிற உங்கட மிருகத்துக்கும் அது போகும்.

அறிகுறிக்குப் போக முதல் கையில இருக்க வேண்டியது

சூடு. தொட்டிக்குள்ள ஒட்டுற வட்ட முள்ளு மீற்றரை நம்பாதேங்கோ, வயர் நுனியில சென்சர் இருக்கிற டிஜிற்றல் ஒண்டு வாங்குங்கோ, விலையும் பெரிசில்லை. பியர்டட் ட்ராகன் வெயில் காயிற இடம் 38 தொடக்கம் 42 பாகை செல்சியஸ், லெப்பர்ட் கெக்கோ ஒளிச்சிருக்கிற சூடான இடம் 31 - 33, போல் பைதனுக்கு 31 - 32, ஸ்லைடருக்குத் தண்ணி 24 - 28, ஏறிக் காயிற கல்லு 32 - 35. யாழ்ப்பாணத்தில என்னத்துக்கு ஹீற்றர் எண்டு சிரிக்கிற ஆக்கள் இருக்கினம், மார்கழி தையில வாடைக்காத்து அடிக்கேக்க விடியப்புறம் தொட்டித் தண்ணிக்குள்ள கையை வச்சுப் பாருங்கோ, பிறகு சிரிக்கலாம். ஏசி அறையில தொட்டி வச்சிருக்கிறவை வருசம் முழுக்க இதைப் பாக்க வேணும். சித்திரை வைகாசியில மற்றப் பக்கம், சீற் கூரைக்குக் கீழ இருக்கிற தொட்டியில குளிரான மூலை எண்டு ஒண்டு இல்லாமல் போகும், அதாலயும் சாப்பாடு விடும்.

நிறை. சமையலுக்கு மா நிறுக்கிற டிஜிற்றல் தராசு காணும், ஆனா இதுக்கெண்டு தனியா ஒண்டு வையுங்கோ. கிழமைக்கு ஒருக்கா ஒரே நேரத்தில, சாப்பிட முதல் நிறுத்து எழுதி வையுங்கோ. மெலிஞ்சு போச்சுது எண்டு கண்ணுக்குத் தெரியேக்க பாதி வழி போயிருக்கும், தராசு முதலே சொல்லும்.

மலம். இதுதான் முக்கியம், இதிலதான் கூடுதலாப் பிழை விடுகினம். மணல்லயோ மண்ணிலயோ கிடந்ததை வழிச்சுக்கொண்டு போகாதேங்கோ, மண்ணில தன்பாட்டில வாழுற நெளிபுழுக்கள் அதுக்குள்ள ஏறியிடும், பிறகு இல்லாத பூச்சிக்கு வைத்தியம் நடக்கும். ரெண்டு நாளைக்கு எல்லாத்தையும் எடுத்துப்போட்டு வெறும் பேப்பரை விரிச்சு விடுங்கோ. ஸ்லைடர் எண்டால் ஒரு பேசினில இளஞ்சூட்டுத் தண்ணி கொஞ்சமா விட்டு அதுக்குள்ளயே தீன் போட்டு விட்டால் சாப்பிட்டுட்டு அங்கயே கழிச்சுவிடும், தேத்தண்ணி வடி ஒண்டால வடிச்செடுக்கலாம் (அந்த வடி திரும்பக் குசினிப் பக்கம் போகக்கூடாது, வீட்டில ஆரும் காணவும் கூடாது). ஃபாமசியில சிறுநீர் ரெஸ்ற்றுக்கு விக்கிற மூடி போட்ட போத்தலில, காய விடாமல், கொண்டுபோங்கோ. உடன போக ஏலாட்டி பிரிட்ஜில வைக்கலாம், ஒரு நாளைக்குள்ள குடுத்தால் புழு முட்டையும் கொக்சிடியா எண்டுற ஒருகல உயிரும் பிடிபடும். ஆனா துள்ளிக்கொண்டு திரியிற ஃபிளாஜெலேற், அமீபா மாதிரி ஒருகல ஆக்களைப் பாக்க வேணுமெண்டால் பிரிட்ஜ் கூடாது, சூடு ஆற முதல் ஒரு மணித்தியாலத்துக்குள்ள மைக்கிரோஸ்கோப் கண்ணாடியில போட்டுப் பாக்க வேணும், பிந்தினால் அதுகள் அசையாது, அசையாட்டி தெரியாது.

ஊர்வன பாத்துப் பழக்கமில்லாத மிருக வைத்தியர் எண்டாலும் பறவாயில்லை, ஆட்டுப்புழுக்கை, மாட்டுச் சாணியில முட்டை தேடுற அதே மிதக்கவிடுற முறைதான் இதுக்கும். கரைய ஏலாத அளவுக்கு சீனியோ உப்போ கரைச்ச தண்ணியில மலத்தைக் கலக்கி வடிச்சு, போத்தல் வாய் வரைக்கும் நிரப்பி, மேல ஒரு கண்ணாடித் துண்டை வச்சால் முட்டையள் மிதந்து வந்து அந்தக் கண்ணாடியில ஒட்டும். நேராக் கண்ணாடியில தடவிப் பாக்கிறதையும் சேத்துச் செய்யச் சொல்லிக் கேளுங்கோ, மிதக்காத ஆக்கள் அதிலதான் பிடிபடுவினம். இஞ்ச முடியாத ரெஸ்ற் எண்டால் பேராதனைக் கால்நடை மருத்துவ பீடத்துக்கு எழுதித் தரச்சொல்லிக் கேக்கலாம்.

"மலத்தில வெள்ளையா என்னவோ கிடக்கு"

கன பேர் பயப்பிடுற வெள்ளை, பூச்சியே இல்லை. கனக்க ஊர்வனவும் பறவையள் மாதிரி சிறுநீரை வெள்ளைக் கட்டியாத்தான் விடும், கபிலநிறத் துண்டோட ஒட்டிக்கொண்டு வாற சுண்ணாம்புப் பசை மாதிரிச் சாமான் அதுதான். மெத்தெண்டு இருந்தால் சுகம். கல்லு மாதிரி இறுகி இருந்தால் தண்ணி காணாது. மஞ்சளாவோ பச்சையாவோ மாறி அப்பிடியே தொடந்து வந்தால் பட்டினியோ ஈரல் பிரச்சினையோ இருக்கலாம், அதுக்குப் பூச்சி மருந்து குடுத்தால் இன்னும் மோசமாகும்.

அரிசி மணி மாதிரி தட்டையான துண்டுகள், ஈரமா இருக்கேக்க மெல்லமா சுருங்கி விரியுது எண்டால் நாடாப்புழு. அதுக்குப் பிரசிகுவான்டெல்தான், மற்றப் பூச்சி மருந்தை நம்பி இருக்க ஏலாது. நாடாப்புழுவுக்கு இடையில இன்னொரு பிராணி தேவை, அதால தவளை, பல்லி, வெளிப்பூச்சி எண்டு எதையோ தின்னக் குடுத்திருக்கிறியள் எண்டு விளங்கும்.

நூல் துண்டு மாதிரி, சில மில்லிமீற்றர் நீளம், ஒரு முனை ஊசி மாதிரிக் கூரா, வெள்ளையா நெளியுது எண்டால் பின்வேர்ம். பியர்டட் ட்ராகன், இகுவானா, தரை ஆமை எண்டு இலை தின்னுற ஆக்களிட்ட இது சர்வசாதாரணம். இடியப்பத்தில ஒரு இழை மாதிரி நீளமா, தடிப்பா வந்தால் வட்டப்புழு, அது ஒண்டு வெளிய வந்தாலே உள்ள இன்னும் இருக்கு எண்டு எடுக்க வேணும்.

இன்னொரு கூத்து, நேற்றைக்குப் போன மலத்தில இண்டைக்குப் புழு நெளியுது எண்டு போட்டோ அனுப்புவினம். அது இலையான் முட்டை விட்டு வந்த புழு. எங்கட வெக்கைக்கு அது ஒரு நாளிலயே வந்துடும். போட்டோவில ஒரு பக்கம் கூரா மறுபக்கம் மொட்டையா, தடிச்ச உடம்போட இருந்தால் அதுதான். மருந்து வேண்டாம், கெதியா அள்ளிப் போடுங்கோ, காணும்.

"நல்லா சாப்பிடுது, ஆனா நிறை ஏறுதில்லை"

குட்டி பியர்டட் ட்ராகன் எண்டால் முதல் சந்தேகம் கொக்சிடியா, குறிப்பா ஐசோஸ்போரா அம்பிபொலூரி எண்டுற ஆள். இது புழு இல்லை, குடல் சுவரின்ர கலத்துக்குள்ள போயிருந்து பெருகிற ஒருகல உயிர், மைக்கிரோஸ்கோப்பில உருண்டையா, மெல்லிய கண்ணாடிக் குமிழ் மாதிரித் தெரியும், ஒரு நாள் ரெண்டு நாள் வெளிய கிடந்து முத்தினால் உள்ளுக்குள்ள ரெண்டு பை தெரியும். மற்றொரு ஆளைத் தொத்த வைக்கிறது இந்த முத்தினதுதான், அதால மலத்தை அண்டைக்கண்டே அள்ளுறது மருந்தில பாதி எண்டு சொல்லலாம். ஒண்டு ரெண்டு இருந்தால் ஆரோக்கியமான பெரிய மிருகம் சமாளிக்கும், குட்டி சமாளிக்காது. கடையில ஒரு தொட்டிக்குள்ள நெருக்கி அடைச்சு வச்சிருந்ததை வாங்கினால் இதை எதிர்பாத்துத்தான் வாங்க வேணும்.

பூச்சி மருந்து எண்டு பொதுவாத் தாற ஃபென்பெண்டசோல் கொக்சிடியாவில வேலை செய்யாது. ரெண்டு தரம் குடுத்தேன் கேக்கேல்லை எண்டு சொல்லுறவை கனபேர் இந்த இடத்திலதான் நிக்கினம். இதுக்கு டோல்ட்ரசுரில், பொனசுரில், இல்லாட்டி சல்ஃபா வகை, அதுவும் டொக்டர் அளவு சொல்லி. கோழிப் பண்ணைக்கு டோல்ட்ரசுரில் 2.5 வீதக் கரைசலா வருது, அது கோழி குடிக்கிற தண்ணியில கலக்கச் செய்தது, சரியான காரம், நேரா வாய்க்குள்ள விட்டால் வாயும் தொண்டையும் புண்ணாகும். சல்ஃபா எண்டால் உடம்பில தண்ணி காணாமல் இருக்கேக்க சிறுநீரகத்தை அடிக்கும். அதால மருந்துக்கு முதல் இளஞ்சூட்டுத் தண்ணியில தினமும் 15, 20 நிமிசம் இருத்தி, குடிக்க விட்டு, ஆளைத் தேத்தி எடுங்கோ.

லெப்பர்ட் கெக்கோ எண்டால் வேற பயம் இருக்கு. அதின்ர வால்தான் அதின்ர கொழுப்புக் களஞ்சியம், சாப்பிட்டும் வால் ஈர்க்கு மாதிரி வத்திக்கொண்டு போகுது, மலம் தண்ணியா இருக்கு, சாப்பாடு பாதி செமிக்காமல் வருது எண்டால் கிரிப்டோஸ்போரிடியம் வரானி எண்டுற ஆளை நினைக்க வேணும். இது சாதாரணமா மிதக்கவிட்டுப் பாக்கேக்க லேசில கண்ணில படாது, அவ்வளவு சின்னன், காசநோய்க் கிருமியைப் பாக்கிற மாதிரி அமிலத்தில நிறம் போகாத சாயம் போட்டோ, பிசிஆர் எண்டுற மரபணுச் சோதனை செய்தோதான் பிடிக்கிறது. எல்லா நாளும் மலத்தில வராது, ஒரு தரம் இல்லையெண்டு வந்தால் இல்லையெண்டு அர்த்தமில்லை, திரும்பச் செய்ய வேணும். நம்பி இருக்கக்கூடிய மருந்து இதுக்கு இல்லை. பரோமோமைசின் கொஞ்சம் அடக்கி வைக்கும், முழுசா எடுக்காது. எழுதவே கஷ்டமா இருக்கு, ஆனா வேற கெக்கோக்கள் வீட்டில இருந்தால் இதைத் தனி அறைக்கு மாத்தி, தனிக் கிண்ணம், தனி இடுக்கி, கடைசியாத்தான் இதுக்குச் சாப்பாடு எண்டு வையுங்கோ, சாப்பாட்டையும் நிப்பாட்டி எலும்பும் தோலுமா வந்துட்டால் வேதனை இல்லாமல் அனுப்பி வைக்கிறதைப் பற்றி டொக்டரோட கதையுங்கோ. வால் வத்தினது எல்லாம் கிரிப்டோவும் இல்லை, சூடு காணாத தொட்டியும் அதே வேலையைச் செய்யும், அதுக்குத்தான் தெர்மோமீற்றரை முதல் சொன்னது.

"வயித்தோட்டம், நாத்தம், சளி மாதிரி, ரத்தமும் தெரியுது"

நாத்தம் மட்டும், மலம் கொஞ்சம் இளக்கம், மற்றும்படி ஆள் உசாரா இருக்குது எண்டால் கடைசி மூண்டு நாள் என்ன குடுத்தனீங்கள் எண்டு பாருங்கோ. தக்காளி, பப்பாப்பழம், வத்தகப்பழம் எண்டு தண்ணிச் சாமான் கூடினாலும் இப்பிடித்தான் போகும். ரெண்டு நாள் பழத்தை நிப்பாட்டிக் கீரையோட விட்டால் சரிவரும்.

சரிவராட்டி ஃபிளாஜெலேற்றுகள் பெருகியிருக்கலாம். நேராத் தடவின கண்ணாடியில பாத்தால் வடிவாத் தெரியும், வாலை அடிச்சுக்கொண்டு, சுழண்டு சுழண்டு, ஒண்டை ஒண்டு முட்டிக்கொண்டு, பாக்கிற வட்டம் முழுக்க நடுங்கிற மாதிரி இருக்கும். அங்கொண்டு இஞ்சொண்டு எண்டால் அது வழமை. வட்டம் நிறையத் துள்ளுது, ஆளும் சுகமில்லை எண்டால்தான் மெட்ரோனிடசோல் எண்டுற மருந்து.

ரத்தமும் சளியும் சேந்து வந்து, ஆள் ரெண்டு மூண்டு நாளில விழுந்துட்டுது எண்டால், அதுவும் பாம்போ ஓணானோ எண்டால், வீட்டில ஆமையும் இருக்கா எண்டு ஒருக்கா யோசியுங்கோ. என்டமீபா இன்வேடன்ஸ் எண்டு ஒரு அமீபா, ஆமையின்ர குடலில ஒரு கரைச்சலும் குடுக்காமல் இருக்கும், அதுவே பாம்பு, பல்லி வர்க்கத்துக்குள்ள போனால் குடல் சுவரை அரிச்சு, ஈரல் வரைக்கும் போய் ஆளை முடிச்சுப்போடும். ஆமைத் தொட்டி கழுவின அதே பிறஸ், அதே பேசின், அதே கை, இவ்வளவும் காணும். எங்கட வீடுகளில இடம் சுருக்கம் எண்டு ஆமைத் தொட்டிக்கு மேல பாம்புத் தொட்டியை அடுக்கி வச்சு, கிணத்தடியில எல்லாத்தையும் ஒண்டாப் போட்டுக் கழுவிறது வழமை, அதை இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. அறிகுறி இப்பிடி எண்டால் காலமை வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்காமல் டொக்டரைக் கூப்பிடுங்கோ, மெட்ரோனிடசோல் வெள்ளன தொடங்கினால்தான் எடுபடும்.

"பாம்பு விழுங்கினதைச் சத்தி எடுக்குது"

ஒரு தரம் எண்டால் பூச்சியில பழி போடாதேங்கோ. விழுங்கின அண்டைக்கே தூக்கி விளையாடினது, இரை பெரிசு, இரவில சூடு இறங்கினது, இந்த மூண்டில ஒண்டுதான் அனேகமா. 10 தொடக்கம் 14 நாள் விட்டு, அரைவாசி அளவு இரையோட திரும்பத் தொடங்குங்கோ, அதுவரைக்கும் தண்ணி மட்டும்.

திரும்பத் திரும்ப, மூண்டாம் நாள் நாலாம் நாளில எடுக்குது, நடு உடம்பில தடிப்பா ஒரு வீக்கம் கையில தட்டுப்படுது எண்டால் கிரிப்டோஸ்போரிடியம் செர்பென்டிஸ், இது பாம்பின்ர இரைப்பையைப் பிடிக்கிற சாதி, மேல கெக்கோவுக்குச் சொன்ன கதைதான் இதுக்கும். மெலிவோட, ரத்தச்சோகையோட, மலத்தில புழு முட்டையும் இருக்குதெண்டால் கொழுக்கிப்புழு, பாம்புகளில காலிசெஃபலஸ் எண்டு வாறது, இடையில வேற பிராணி தேவையில்லாமல் அழுக்குத் தொட்டியில இருந்தே திரும்பத் திரும்ப ஏறும்.

பாம்பின்ர ரிப்போட்டில பின்வேர்ம் முட்டை எண்டு எழுதி வந்தால் ஒருக்கா நிண்டு யோசியுங்கோ. அது தின்ன எலியின்ர வயித்தில இருந்த முட்டை, பாம்புக்குள்ளால சும்மா பயணம் போய் வெளிய வந்திருக்கும். அதுக்குப் பாம்புக்கு மருந்து குடுக்கிறது தேவையில்லாத வேலை.

"சாப்பிடுதே இல்லை, ஒரு மூலையில படுத்துக் கிடக்கு"

சூடு, லைற், தோலுரி, முட்டை வச்சிருக்கிற பெட்டை, வீடு மாறினது, புது நாய், எவ்வளவோ காரணம் இருக்கு, பூச்சி அதில கடைசிப் பக்கம். பியர்டட் ட்ராகன் மாதிரி வெயிலை நம்பி வாழுற ஆக்களுக்கு யூவி லைற் எரிஞ்சுகொண்டு இருந்தாலும் பழசாகினால் யூவி வராது, வாங்கின திகதியைப் பாருங்கோ. இதெல்லாம் சரி, ஆனா கிழமைக் கணக்கா மலமே போகேல்லை, வயிறு உப்பலா இருக்கு எண்டால் அடைப்பு. அதுக்குள்ள பூச்சி மருந்து விடக்கூடாது. வட்டப்புழு கனக்க இருக்கிற மிருகத்தில எல்லாத்தையும் ஒரே அடியாச் சாகடிச்சால் செத்த புழுவே திரண்டு குடலை அடைக்கும், டொக்டர்மார் சில வேளை குறைஞ்ச அளவில தொடங்கிறது அதுக்குத்தான்.

"பின்பக்கத்தால சிவப்பாச் சதை வெளிய வந்திட்டுது"

இதில ஆராய்ச்சி வேண்டாம். முக்கி முக்கி வெளிய வந்த குடல் அது, பூச்சி காரணமாவும் இருக்கலாம், வேறயாவும் இருக்கலாம், பிறகு பாக்கலாம். சுத்தமான தண்ணியில நனைச்ச மெல்லிய துணியால மூடி, காய விடாமல், மற்ற மிருகம் கடிக்காமல் தனியா வச்சு, உடன கொண்டு ஓடுங்கோ. சீனியைத் தடிப்பாக் கரைச்ச தண்ணியில நனைச்ச துணி போட்டால் வீக்கம் கொஞ்சம் வத்தும். விரலால தள்ளி உள்ள விடப் பாக்காதேங்கோ.

"ரிப்போட்டில பூச்சி இருக்கு, ஆனா ஆள் நல்ல சுகம்"

அப்பிடியெண்டால் அந்தரப்பட வேண்டாம். தரை ஆமையளின்ர குடலில கொஞ்சம் பின்வேர்ம் இருக்கிறது இலை குழையைச் செமிக்கிறதுக்கு உதவி எண்டு சொல்லுற ஆராய்ச்சியாளர் இருக்கினம். பலன்டிடியம், நிக்டோதீரஸ் எண்டு மயிர் மாதிரிச் சுத்தி முளைச்ச ஒருகல ஆக்கள் ஆமை மலத்தில தெரிஞ்சால் அனேகமா அது ஆமையின்ர வீட்டுக்காரர்தான். எண்ணிக்கை என்ன, நிறை இறங்குதா, மலம் ஒழுங்கா, இந்த மூண்டையும் சேத்துத்தான் முடிவு. சுகமான மிருகத்தை ஒரு மாசம் விட்டுத் திரும்பப் பாக்கிறது எத்தினையோ நேரம் மருந்தைவிட நல்லம்.

மருந்துப் போத்தல் கையில இருக்கேக்க

இதைக் கொஞ்சம் ஆறுதலா வாசியுங்கோ, கூடுதலாச் சாவு நடக்கிறது இதிலதான்.

ஐவர்மெக்டின். மாட்டுக்கும் நாய்க்கும் உண்ணி, சொறி, புழு எண்டு ஊசி போடுற அதே மருந்து, எந்த மிருக மருந்துக் கடையிலயும் கிடக்கும். ஆமைக்கு இது நஞ்சு. கொஞ்சம் கூடாது, ஒரு சொட்டும் கூடாது, தண்ணி ஆமை தரை ஆமை எண்டு வித்தியாசமும் இல்லை. மருந்து மூளைக்குள்ள போய் கை கால் விழுந்து, மூச்சு நிண்டு சாகும். பாம்புக்கும் சில பல்லி வர்க்கத்துக்கும் டொக்டர்மார் பாவிக்கினம்தான், ஆனா ஊர்வன எண்டு பொதுவாச் சொல்லி வாங்கினால் கடைக்காரருக்கு அந்த வித்தியாசம் தெரியவேணும் எண்டு இல்லை. ஆடுகளுக்குப் பருக்கிற லெவமிசோலும் அப்பிடித்தான், குணமாக்கிற அளவுக்கும் கொல்லுற அளவுக்கும் இடைவெளி சரியான குறைவு.

ஃபென்பெண்டசோல். வட்டப்புழு, பின்வேர்ம், கொழுக்கிப்புழு எல்லாத்துக்கும் முதல் எடுக்கிறது இதுதான், மற்றதுகளோட பாத்தால் சாது. ஆனா கூடக் குடுத்தால் எலும்பு மச்சையை அடிச்சு வெள்ளை அணுவைக் குறைக்கும், ஆமையளிலயும் பாம்புகளிலயும் இது கண்டிருக்கு. இப்ப கணக்கைப் பாருங்கோ. டொக்டர் கிலோவுக்கு 25 மில்லிகிராம் எண்டு எழுதினார், உங்கட ஓணான் 400 கிராம், அப்ப தேவை 10 மில்லிகிராம். போத்தலில 10 வீதம் எண்டு இருந்தால் ஒரு மில்லியில 100 மில்லிகிராம், அப்ப 0.1 மில்லி. அதே மருந்து 2.5 வீதப் போத்தலிலயும் வருது, அதில 0.4 மில்லி. ஒரு போத்தலுக்குச் சொன்ன மில்லிக் கணக்கை மற்றப் போத்தலுக்குப் பாவிச்சால் நாலு மடங்கு. அதால ஒருத்தர் எனக்கு 0.4 மில்லி தந்தவை எண்டு சொல்லுறதைக் கேட்டு நீங்கள் குடுக்காதேங்கோ, மில்லிகிராமில கேளுங்கோ. அளக்க 1 மில்லி சிரிஞ், ஊசியைக் கழட்டிப்போட்டு. போத்தலை வடிவாக் குலுக்க வேணும், மருந்து அடியில படிஞ்சு கிடக்கும், குலுக்காமல் விட்டால் முதல் நாள் தண்ணி, கடைசி நாள் விஷம்.

மெட்ரோனிடசோல். மனிசருக்குத் தாற 400 மில்லிகிராம் குளிசையை உடைச்சுக் குடுக்கப் பாக்கினம். 60 கிராம் கெக்கோவுக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் எண்டால் 1.2 மில்லிகிராம், அது அந்தக் குளிசையில முந்நூறில ஒரு பங்குகூட இல்லை. கத்தியால வெட்டி எடுக்கிற சாமானோ அது? டொக்டரிட்டயோ ஃபாமசியிலயோ பாணி மருந்தா வாங்கி, அவையைக் கொண்டே கணக்குப் பாத்து ஐதாக்கி எடுங்கோ. கூடிப்போனால் தலை ஒரு பக்கம் சரியும், சுத்திச் சுத்தி வரும், உடன நிப்பாட்ட வேணும்.

ரெண்டு மருந்தையும் ஒரே நாளில சேத்து விடுற பழக்கம், முழுக் குடும்பத்துக்கும் ஒரே நாளில பூச்சி மருந்து குடுக்கிற எங்கட வீட்டு வழக்கத்தில இருந்து வந்தது எண்டு நினைக்கிறன். டொக்டர் சொல்லாட்டி செய்யாதேங்கோ. மெலிஞ்சு, கண் குழி விழுந்து கிடக்கிறதுக்கு முதல் மருந்து தண்ணியும் சூடும்தான், ரெண்டு மூண்டு நாள் தேத்திப்போட்டுத்தான் மற்றது.

"மருந்து குடுத்தாச்சு, குறைஞ்சுது, திரும்ப வந்திட்டுது"

மருந்து புழுவைக் கொல்லும், தொட்டியில கிடக்கிற முட்டையைக் கொல்லாது. பின்வேர்மும் கொக்சிடியாவும் நடுவில ஆரும் இல்லாமல் மலம், வாய், மலம் எண்டு சுத்துற ஆக்கள். வைத்தியம் நடக்கிற காலம் முழுக்க மண், மணல், தும்பு, மரக்கட்டை, செயற்கைச் செடி எல்லாம் வெளிய, பேப்பர் மட்டும், ஒளிக்க ஒரு மட்டைப்பெட்டி, அழுக்கானால் எறியலாம். கிரிக்கெட் பூச்சியளைத் தொட்டிக்குள்ள இரவிரவாத் திரிய விடாதேங்கோ, அதுகள் மலத்தில நடந்து, அதைக் கடிச்சு, பிறகு ஓணானின்ர வாய்க்குள்ள போகும், நீங்கள் கூட்டி அள்ளினது வீண்.

கழுவிறது எண்டால் முதல் சவர்க்காரம் போட்டுத் தேய்ச்சு அழுக்கு எடுபட வேணும், பிறகு கொதிக்கிற தண்ணி. பிளீச் பக்டீரியாவுக்கு நல்லம், கொக்சிடியாவும் கிரிப்டோவும் அதுக்கு அசையாது, கொதிதண்ணியும் ஆவியும்தான் அதுகளுக்கு. அமோனியாவும் எடுபடும், ஆனா பிளீச்சையும் அமோனியாவையும் ஒரு நாளும் கலக்காதேங்கோ, வாற புகை உங்களையே விழுத்தும். கண்ணாடித் தொட்டிக்குச் சுடுதண்ணியை ஆறுதலா விடுங்கோ, வெடிக்கும். கழுவிப்போட்டு முத்தத்து வெயிலில ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கோ, எங்கட வெயில் சும்மா கிடைக்குது.

திரும்ப வாறதுக்கு மற்றக் காரணம் தீன். சுவர்ப் பல்லி, தவளை, வீட்டுக் கரப்பொத்தான், வாழையடியில கிண்டின மண்புழு, குளத்து நத்தை, இதெல்லாம் காசில்லாமல் கிடைக்குது எண்டு போடுறது பூச்சியைக் கூப்பிட்டுக் குடியேத்திறது. எலி எண்டால் வளத்த எலியை உறைய வச்சுப் பிறகு குடுங்கோ, உறைஞ்சால் கனக்க ஒட்டுண்ணியள் செத்துப்போம். சந்தையில வாங்கிற கீரையை ஓடுற தண்ணியில அலசிக் குடுங்கோ, எரு போட்ட பாத்தியில இருந்து வந்தது அது. புதுசா வாங்கினது எதையும் 60 தொடக்கம் 90 நாள் வேற அறையில வச்சு, அதுக்குள்ள மலத்தை ரெண்டு தரமாவது பாத்துப்போட்டுத்தான் மற்றதுகளோட சேக்கிறது.

மருந்து முடிஞ்சு ரெண்டு கிழமையால திரும்ப மலத்தைக் குடுங்கோ. ஆள் நல்லாத் தின்னுது எண்டு இதை விடுகினம், அதுதான் மூண்டாம் மாசம் திரும்ப அதே கதையோட நிக்கிறது.

வீட்டில இருக்கிற மனிசர்

ஊர்வனவின்ர குடல் புழு அனேகம் எங்களைப் பிடிக்கிறேல்லை, சல்மொனெல்லா பிடிக்கும். அது நல்ல சுகமா இருக்கிற ஆமையிலயும் இருக்கும். அமெரிக்காவில 4 அங்குலத்துக்குச் சின்ன ஆமையளை விக்கிறதை 1975இல தடை செய்ததே பிள்ளையள் கையிலயும் வாயிலயும் வச்சு வருத்தம் வந்ததாலதான். ஐஞ்சு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளை, பிள்ளைத்தாச்சி, வயசு போன அம்மம்மா, புற்றுநோய் மருந்தில இருக்கிறவை வீட்டில இருந்தால் மலம் எடுக்கிற வேலை, தொட்டி கழுவிற வேலை அவையிட்ட போகக்கூடாது. குசினி சிங்கில கழுவ வேண்டாம், ஆமைத் தண்ணியைக் கிணத்துக் கட்டில ஊத்தவும் வேண்டாம், எங்கட நிலம் சுண்ணாம்புக்கல்லு, மேல ஊத்தினது கெதியில கீழ போய்ச் சேரும். வாழைக்கும் தென்னைக்கும் ஊத்துங்கோ, கீரைப் பாத்திக்கு வேண்டாம். கை கழுவேக்க சவர்க்காரம் போட்டு, நகத்துக்குள்ளயும்.

டொக்டருக்கு போன் எடுக்கேக்க என்ன சாதி, எத்தினை கிராம், போன மாசம் எத்தினை கிராம், தொட்டிச் சூடு சூடான பக்கம் எவ்வளவு குளிரான பக்கம் எவ்வளவு, கடைசியா எப்ப சாப்பிட்டது எப்ப கழிச்சது, ஏற்கனவே என்ன மருந்து எத்தினை மில்லிகிராம் குடுத்தனீங்கள், இவ்வளவையும் ஒரு துண்டில எழுதிப்போட்டு எடுங்கோ, குடுத்த மருந்தை மறைக்காதேங்கோ.